இந்தி கற்றுக்கொண்டே வட இந்தியக் கிராமத்தில் மருத்துவத் தொண்டு: புறப்படும் முன் அறிய வேண்டியவை

வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட தமிழர் ஒருவர் இந்தி பேசும் மாநிலத்தின் கிராமமொன்றில் மருத்துவத் தொண்டு செய்ய விரும்பினால், முதலில் தீர்மானிக்க வேண்டியது எத்தனை நாள் தங்குவது என்பதாகும். இந்தியாவின் சுற்றுலா இ-விசா, ஊதியமில்லாத தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதத்தையே அனுமதிக்கிறது. சான்றிதழ் வழங்காத குறுகிய கால மொழிப் பயிற்சிக்கும் அதே விசா போதும். ஆகவே விசாவில் கிடைக்கும் நாள்களின் முற்பகுதியை மொழிக்கும் கடைசி ஒரு மாதத்தைப் பணிக்கும் ஒதுக்குவதே பொருத்தமான திட்டம் என்பது என் கருத்து. அதற்கு மேல் பணிபுரிய எண்ணுபவர், ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் கடிதத்துடன் இந்தியத் தூதரகத்தை அணுகி வேறு வகை விசா பெற வேண்டும்.

மொழியைக் கற்க, உத்தராகண்டின் முசூரி மலையில் வெளிநாட்டவருக்கு நெடுங்காலமாக இந்தி கற்பித்துவரும் லண்டோர் மொழிப் பள்ளி போன்ற இடங்கள் உள்ளன. பணிக்கு, பல ஆண்டுகளாக ஒரே பகுதியில் வேரூன்றிய அமைப்பையே தேடுங்கள். சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் இயங்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் அத்தகைய ஒன்று. டெல்லி எய்ம்ஸில் பயின்ற மருத்துவர்கள் தொடங்கியது. எந்த அமைப்பானாலும், வந்து சேரும் முன்பே உங்கள் வேலை என்ன, யாருடைய மேற்பார்வையில் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தமிழருக்கு இந்தி இலக்கணத்தின் ஒரு பகுதி எளிதாகவே வாய்க்கும். வினை இறுதியில் வருகிறது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதற்கு ‘முஜே புகார் ஹை’ என்று, நம் நான்காம் வேற்றுமையைப் போலவே சொல்கிறார்கள். ஆனால் இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும். உணவுக்கும் பாட்டுக்கும் ஒற்றைக் கண்ணருக்கும் இந்தியில் மூன்று தனிச் சொற்கள் இருக்க, நம் எழுத்தில் மூன்றும் ‘கானா’ என்றே அமையும். தேவநாகரியைக் கற்றால்தான் காதும் அந்த வேறுபாட்டைக் கேட்கத் தொடங்கும்.

எல்லாப் பிழைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. பெயர்ச்சொல்லின் ஆண்பால் பெண்பாலைத் தவறாகச் சொன்னால் எவருக்கும் தீங்கில்லை. நாள் கணக்கையும் எண்களையும் தவறாகப் புரிந்துகொண்டால் நோயாளிக்கே தீங்கு. ‘கல்’ என்பது நேற்று, நாளை இரண்டையும் குறிக்கும். ‘பர்ஸோன்’ முந்தாநாளும் ஆகும், நாளை மறுநாளும் ஆகும். வினையின் காலமே எதுவென்று காட்டும். குழந்தைக்குப் பேதி எப்போது தொடங்கியது என்று கேட்கையில் கிழமையின் பெயரையும் சேர்த்துக் கேட்டு உறுதிசெய்யுங்கள். நூறு வரையுள்ள எண்கள் ஒழுங்கான அமைப்பில் இல்லை: 59 ‘உன்ஸட்’, 69 ‘உன்ஹத்தர்’. ஒன்றரைக்கு ‘டேட்’, இரண்டரைக்கு ‘டாயீ’ எனத் தனிச் சொற்கள் உள்ளன. மாத்திரை அளவைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, கேட்டவரைத் திரும்பச் சொல்லச் செய்வதே பாதுகாப்பானது.

வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தாலும், இந்தியாவில் உரிய பதிவோ அனுமதியோ இல்லாமல் சிகிச்சை அளிக்கக் கூடாது. இது வெறும் சட்டத் தடை அன்று; நோயாளியின் சொல்லைப் பாதி மட்டுமே புரிந்துகொள்பவர் அவருக்கு மருந்து தீர்மானிக்கலாகாது. அதற்காகச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தின் வழி வந்த ஆஷா பணியாளர்களுடன், அதாவது அந்தந்த ஊரின் பெண் சுகாதாரப் பணியாளர்களுடன், வீடு வீடாகச் செல்லலாம். சத்தீஸ்கரில் அவர்களுக்கு ‘மிதானின்’, அதாவது தோழி, என்று பெயர். குழந்தைகளின் எடையைப் பதியலாம். பேதி கண்ட குழந்தைக்குக் கொடுக்க, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கும் முறையை அப்பணியாளர்கள் தாய்மாருக்குச் செய்து காட்டும்போது உதவலாம். அந்தப் பணியாளர்களை ‘தீதி’ (அக்கா) என்றும், எவரையும் ‘ஆப்’ (நீங்கள்) என்றும் அழையுங்கள். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், இறப்புச் செய்தி போன்றவற்றில் உங்கள் இந்தியை நம்பாமல், பேசும் பொறுப்பை உள்ளூர்ப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் பேசப்படுவது பெரும்பாலும் நீங்கள் கற்ற இந்தியாக இராது. சத்தீஸ்கரியோ புந்தேலியோ போஜ்புரியோ கோண்டியோ பேசும் மூதாட்டிக்கு, உங்களைப் போலவே இந்தி இரண்டாம் மொழியாக இருக்கலாம். வலி, மயக்கம், மாதவிலக்கு ஆகியவற்றுக்கு அவ்வூரார் வழங்கும் சொற்களைத் தேவநாகரியில் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி, மாலையில் தீதியிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். புறப்படும் நாளில் அதன் படியொன்றை, அடுத்து வரும் தொண்டருக்காக அங்கேயே விட்டுச் செல்லுங்கள்.