நீண்ட அயல்நாட்டுப் போரிலிருந்து படையைத் திரும்பப் பெறலாமா? கேள்வியை ஆராயும் முறை

அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஒரு போரிலிருந்து படையைத் திரும்பப் பெற வேண்டுமா என்பது பற்றி வகுப்பில் பேசவோ, பத்திரிகைக்கு எழுதவோ, தமக்குத் தாமே ஒரு முடிவுக்கு வரவோ விரும்புவோருக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. 'வெல்வோமா, தோற்போமா' என்று தொடங்கினால் பேச்சு சற்று நேரத்தில் நாட்டுப்பற்றுப் போட்டியாகிவிடும். படை கிளம்பிய மறுநாள் அங்கே எது நிற்கும், எது விழும், இன்னும் ஓராண்டு இருந்தால் அந்தப் பட்டியலில் ஏதேனும் மாறுமா என்று கேட்டுத் தொடங்குவதே பயன் தரும். இங்கே முதன்மை எடுத்துக்காட்டாக ஆப்கானிஸ்தானை எடுத்துக்கொள்கிறேன். சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் ஒன்றன்பின் ஒன்றாக அதே மண்ணுக்குள் சென்று, வெவ்வேறு விதமாக வெளியேறியதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

போன காரணமும் இருக்கும் காரணமும்

ஒரு தாளை எடுத்து, படை அனுப்பப்பட்ட நாளில் அரசு சொன்ன காரணத்தைத் தேதியோடு எழுதுங்கள். அதன் எதிரில், படை இன்னும் இருப்பதற்கு இன்று சொல்லப்படும் காரணத்தை எழுதுங்கள். 2001 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா தாக்குதலைத் தொடங்கியபோது சொன்ன காரணம், செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய அல்காய்தாவையும் அதற்கு இடம் கொடுத்த தாலிபானையும் ஒடுக்குவது. 2011 மே 2 அன்று ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்டார். அதுவும் ஆப்கானிஸ்தானில் அல்ல, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். அந்த நாளில் ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 1,00,000 பேர். அமெரிக்கா முதன்மையாகத் தேடிய ஆள் இல்லாமற்போன பிறகும் போர் பத்தாண்டு நீண்டது. அதற்குள் ஆப்கன் இராணுவத்தை உருவாக்குவது, தேர்தல் நடத்துவது, பெண் கல்வியைக் காப்பது என்று காரணங்கள் பெருகியிருந்தன.

காரணம் மாறியதாலேயே அது பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெண் கல்வியைக் காப்பது முதற்காரணத்தைவிட உயர்ந்த நோக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஒவ்வொரு புதிய காரணத்தின் அருகிலும், இது சிப்பாயால் ஆகக்கூடிய வேலையா என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் எழுத வேண்டும். நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பமிட்ட உடன்பாட்டின்படி, போர்நிறுத்தத்தையும் ஆயுத ஒப்படைப்பையும் உறுதிசெய்ய இலங்கை சென்ற இந்தியப் படை, அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. வேலை முற்றிலும் மாறிய பின்னும் அமைதி காக்கும் படை என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

போனது வேறு, போகப்போவது வேறு

படைவிலகலுக்கு எதிராக எல்லா நாட்டிலும் எழும் வாதம், இத்தனை பேர் உயிர் கொடுத்த பிறகு திரும்பினால் அந்த உயிர்கள் வீணாகிவிடும் என்பது. முன்வைத்த காலைப் பின்வைப்பதா என்று நம் ஊரில் கேட்பதும் இதே உணர்வுதான். மகனைப் பறிகொடுத்த தாய் இதைச் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது. ஆனால் அமைச்சரோ தளபதியோ சொன்னால் மறுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு புதிய சாவும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்ப்பதால், போர் எவ்வளவு மோசமாகப் போகிறதோ அவ்வளவுக்கு இது உறுதியாகத் தோன்றும். எனவே கணக்கில் இனிமேல் ஆகப்போகும் இழப்பையும் இனிமேல் கிடைக்கப்போகும் பயனையும் மட்டுமே எதிரெதிராக வையுங்கள்.

அந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபடும் ஒரு பத்தி, போர் நடக்கும் ஊரின் மக்களுடையது. ஆப்கானிஸ்தானில் சோவியத் தரப்பில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்ததை எல்லா நூல்களும் குறிப்பிடும். அதைப்போல் பல மடங்கு ஆப்கானியர் இறந்ததும், பல இலட்சம் பேர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளானதும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தனர் என்பதோடு, 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதுகாக்கப் போன மக்களின் ஆதரவு எங்கே கரைந்தது என்பது இந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் புலப்படும்.

இன்னும் ஓராண்டு எதை மாற்றும்?

'நிலைமை மேம்பட்டு வருகிறது, சற்றுக் காலம் தேவை' என்பது தளபதிகள் வழக்கமாகத் தரும் பதில். இதைச் சோதிக்க, கடந்த ஆண்டு அவர்கள் இதே இடத்தில் என்ன சொன்னார்கள் என்று தேடிப் படியுங்கள். 1986 நவம்பரில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவின் கூட்டத்தில் படைத் தலைமை அதிகாரி மார்ஷல் அக்ரோமேயெவ் பேசியது இதற்கு மாறான, அரிதான நேர்மை. ஆப்கானிஸ்தானில் சோவியத் சிப்பாய் ஏதாவது ஒரு நேரத்தில் கால்வைக்காத நிலப்பகுதியே இல்லை என்றும், ஆனாலும் பெரும்பகுதி நிலம் கிளர்ச்சியாளர் கையில்தான் இருக்கிறது என்றும் அவர் கூறினார். ஓரிரு ஆண்டுகளுக்குள் வெளியேறுவது என்ற முடிவை நோக்கி அந்தக் கூட்டம் நகர்ந்தது.

அளவுகோல்களிலும் கவனம் தேவை. வியட்நாமில் அமெரிக்கர்கள் எதிரிகளின் பிணங்களை எண்ணி வெற்றியை அளந்தார்கள். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, போர் முடியவில்லை. ஒரு வட்டாரத்தில் இரவில் வழக்கைத் தீர்த்து வைப்பது யார், வரி வசூலிப்பது யார், நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்திப் பணம் கேட்பது யார் என்பவை இதைவிட நம்பகமான அடையாளங்கள். அளவிடுவதையே நிறுத்திவிட்டால் அதுவே ஒரு செய்தி. ஆப்கானிஸ்தானில் எத்தனை மாவட்டங்கள் அரசின் கையில், எத்தனை தாலிபானின் கையில் என்று கணக்கெடுத்து வந்த நேட்டோ தலைமையிலான படை அந்தக் கணக்கெடுப்பைக் கைவிட்டுவிட்டதை, அமெரிக்க அரசின் ஆப்கன் மறுகட்டமைப்புக்கான தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019இல் வெளிப்படுத்தியது. கிளம்புவதற்கு இரண்டாண்டு முன்பே விடை தெரிந்திருந்தது என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படை போன பின் எது நிற்கும்?

மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை இந்தப் பகுதிக்கே ஒதுக்குங்கள். 'விலகல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஐந்தாறு தனித்தனிப் பொருள்கள் அடங்கியிருக்கின்றன. தரைப்படை, வான்தாக்குதல் உதவி, உள்ளூர் இராணுவத்துக்கான சம்பளம், எரிபொருளும் உணவும், ஆயுதமும் உதிரிபாகமும், அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்கள் என்று பிரித்து எழுதி, ஒவ்வொன்றும் எப்போது நிற்கும், நின்றால் என்ன ஆகும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

1989 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் போரிஸ் குரோமோவ் அமு தரியா ஆற்றின் மேலுள்ள நட்புப் பாலத்தைக் கடந்து சோவியத் மண்ணுக்குத் திரும்பியபோது, காபூலில் சோவியத் ஆதரவில் இருந்த நஜிபுல்லாவின் அரசு சில மாதங்கள்கூடத் தாங்காது என்பதே வெளிநாட்டுப் பார்வையாளர்கள் பலரின் கணிப்பு. அடுத்த மாதமே கிளர்ச்சியாளர்களான முஜாஹிதீன்கள் ஜலாலாபாத்தை முற்றுகையிட்டார்கள். அரசுப் படை அதை முறியடித்தது. தரைப்படை மட்டுமே போயிருந்தது, ஆயுதமும் எரிபொருளும் உணவும் பணமும் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்து, 1992 தொடக்கத்தில் அந்த உதவி நின்றது. குடிப்படைத் தலைவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் போகவே, வடக்கில் அத்தலைவர்களில் ஒருவரான தோஸ்தம் அணி மாறினார். ஏப்ரலில் அரசு கவிழ்ந்தது. ஆக, படை போன பின் மூன்றாண்டு நின்ற அரசு, பணம் போன பின் நான்கு மாதம்கூட நிற்கவில்லை.

2021இல் நடந்தது இதற்கு நேர்மாறு. காகிதத்தில் ஆப்கன் பாதுகாப்புப் படையினர் 3,00,000 பேர். அவர்களில் ஆளே இல்லாமல் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த பெயர்கள் ஏராளம் என்று மேற்சொன்ன ஆய்வாளர் அலுவலகம் பல ஆண்டுகளாக எழுதி வந்தது. இருந்தவர்களும் அமெரிக்கப் பாணியில், வானிலிருந்து உதவி வரும் என்ற நம்பிக்கையில் போரிடப் பழக்கப்பட்டவர்கள். அந்த நாட்டு விமானப்படையின் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் பராமரித்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள். படையோடு அவர்களும் கிளம்பியதும் பல இயந்திரங்கள் தரையிலேயே நின்றுவிட்டன. தொலைவிலுள்ள காவல் சாவடிகளுக்குத் தோட்டாவும் உணவும் போய்ச் சேரவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் பக்ராம் விமானத் தளத்தை அமெரிக்கர்கள் இரவோடிரவாகக் காலிசெய்த பிறகு, கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் எந்தத் தாக்குதலையும்விட வேகமாகப் பரவியது. ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. அதிபர் அஷ்ரஃப் கனி அன்றே நாட்டைவிட்டு வெளியேறினார். கோழைத்தனம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் ஆளில்லாத ஹெலிகாப்டரை வீரத்தால் பறக்கவைக்க முடியாது.

தெற்கு வியட்நாமும் இதே வரிசையில் வருகிறது. அமெரிக்கப் போர்ப்படை 1973 மார்ச்சில் வெளியேறியது; அமெரிக்க நாடாளுமன்றம் இராணுவ உதவியை வெட்டிக் குறைத்த பிறகு, 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது.

நம்மோடு நின்றவர்கள்

அயல்படை தனியாகப் போரிடுவதில்லை. மொழிபெயர்ப்பவர், வழிகாட்டுபவர், தகவல் தருபவர், துணைப்படையில் சேர்ந்தவர் என்று ஆயிரக்கணக்கானோர் அதை நம்பி வெளிப்படையாக நின்றிருப்பார்கள். அவர்கள் எத்தனை பேர், எங்கே போவார்கள் என்பதற்குத் தேதி அறிவிக்கும் முன்பே விடை இருக்கிறதா என்று பாருங்கள். 1962இல் அல்ஜீரியாவிலிருந்து பிரான்ஸ் விலகியபோது, அதன் பக்கம் நின்ற ஹார்க்கிகள் என்ற அல்ஜீரியத் துணைப்படையினரில் பெரும்பாலோரைப் பின்னே விட்டுச் சென்றது. அவர்களில் பல்லாயிரவர் கொல்லப்பட்டார்கள். இலங்கையின் வடகிழக்கில் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில், வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட இளைஞர்களையும் சேர்த்து ஒரு துணைப்படை அவசரமாக உருவாக்கப்பட்டது. இந்தியப் படை கப்பலேறத் தொடங்கியதும் புலிகள் அதைச் சிதறடித்தார்கள். அகப்பட்டவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். விலகும் நேரத்தில் அவசரமாக ஆயுதம் கொடுத்து உருவாக்கும் படை விலகுபவருக்கு ஆறுதலாக இருக்கலாம். அதில் சேர்க்கப்பட்டவருக்கு அது மரண ஓலை.

'சிறு படை இருக்கட்டுமே' என்ற வாதம்

தங்க வேண்டும் என்போரின் வலுவான வாதத்தை எடுத்து ஆராயாமல் முடிவுக்கு வரக் கூடாது. 2021 தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படையினர் 2,500 பேர் மட்டுமே என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஏறத்தாழ ஓராண்டாக அமெரிக்கச் சிப்பாய் ஒருவர்கூடப் போரில் இறக்கவில்லை. இவ்வளவு குறைந்த விலையில் ஓர் அரசு நிற்கிறது என்றால் ஏன் விலக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த அமைதி 2,500 பேரால் வந்ததன்று. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில், ஆப்கன் அரசை வெளியே நிறுத்திவிட்டு அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட உடன்பாட்டில், 14 மாதங்களில் வெளியேறுவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த பதிலே அது. 2021 மே 1க்குப் பிறகும் தங்கியிருந்தால் தாக்குதல் மீண்டும் தொடங்கியிருக்கும், 2,500 போதாமல் போயிருக்கும். இப்படி ஒரு நல்ல எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், அது எதனால் வந்தது, நாம் முடிவெடுத்த பிறகும் அப்படியே இருக்குமா என்று கேட்டுப் பழகுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், 2021இல் விலகும் முடிவு சரி. உடன்பாட்டின் வடிவமும் விலகிய முறையும் தவறு. காபூல் விமான நிலைய வாயிலில் ஆகஸ்ட் 26 அன்று வெடித்த குண்டுக்கு 13 அமெரிக்கப் படையினரும் அவர்களைப்போல் பல மடங்கு ஆப்கானியரும் பலியானதை வைத்து விலகலே தவறு என்று வாதிடுவோர், முடிவையும் முறையையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். உங்கள் தாளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

அழைத்த அரசே போகச் சொல்லிவிட்டால் இந்த ஆராய்ச்சியில் பாதி தேவையற்றதாகிவிடும். 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா, ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கோரினார். அதற்குப் பின் எஞ்சியிருந்த கேள்வி எப்போது என்பது மட்டுமே. டெல்லியில் ஆட்சி மாறி வி.பி. சிங் பிரதமரான பிறகு, 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது.

திரும்பி வருபவரை எப்படி வரவேற்பது என்பதும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியதே, ஏனென்றால் தவறான முடிவெடுத்தவர் வேறு, அதைச் சுமந்து சென்றவர் வேறு. சென்னைத் துறைமுகத்தில் அந்தப் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. ஈழத் தமிழரைக் கொன்ற படைக்கு வரவேற்பா என்று தமிழகத்தில் பலர் கேட்ட காலம் அது. அந்தப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் ஒன்று பின்னாளில் எழுந்தது, கொழும்பை அடுத்த கோட்டேயில்.