பழைய லேப்டாப்பில் கோடிங்: எதை முதலில் மாற்றுவது?

ஏழெட்டு வருட லேப்டாப் திணறினால் உடனே புதிதாக வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பழுது பிராசஸரில் இருக்காது, சுழலும் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எதுவும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். கோடிங்குக்கு இது இன்னும் மோசம். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டிலேயே ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடி டிஸ்கின் முள் இங்கும் அங்கும் நகர வேண்டும்.

அதனால் முதல் செலவு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத டிஸ்க். 256 ஜிபி ஒப்பேறும், 500 ஜிபி நிம்மதி. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கின் அதே இணைப்பு வகை) அப்படியே உட்காரும். எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் மேனுவலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சில பழைய மாடல்களில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். வேகமான என்விஎம்இ வகை அட்டை பொருந்திவிடும், ஆனால் பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) தெரியாது.

அடுத்தது ராம். அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் (கழற்றி மாட்டும் ராம் அட்டை) என்றிருந்தால் மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, காலி ஸ்லாட் இல்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். இன்டெல் 4-ஆம் தலைமுறை பிராசஸர் உள்ள லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை ராம் வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 மலிவாகக் கிடைக்கிறதென்று போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

கழற்றுமுன் சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை விடுவியுங்கள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வையுங்கள். குட்டைத் திருகாணியின் இடத்தில் நீளமானதை முறுக்கினால் கைவைக்கும் பலகையில் மேடு தட்டும், சில சமயம் ஓட்டையே விழும்.

இனி இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. அதனால் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான் வழி. அதில் எந்த வகை என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. லினக்ஸ் மின்ட் 22 போதும், 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ராம் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 என்றால் சின்னமன் பதிப்பு. 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டின் நிறுவல் கோப்பை எழுதி, நிறுவாமலே முதலில் ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும், முன்பே நகலெடுங்கள்.

நிறுவும்போது எஸ்எஸ்டி கண்ணில் படவில்லையென்றால் பயாஸில் சாட்டா முறை (டிஸ்கோடு பேசும் விதம்) ஆர்எஸ்டி என்றிருக்கும், ஏஹெச்சிஐ-க்கு மாற்றுங்கள். அதே எஸ்எஸ்டியில் விண்டோஸும் இருந்தால் மட்டும் கவனம்: இப்படி மாற்றினால் அது நீலத் திரையில் நிற்கக்கூடும். வைஃபை வரவில்லையா? பிராட்காம் நிறுவனத்தின் சில வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் தனியாக வேண்டும். போனை யூஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வது) இணைத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் நிறுவிக்கொள்ளலாம்.

கோடு எழுதும் எடிட்டர் விஷயத்தில் ஊரே விஎஸ் கோடு என்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அதன் உள்ளே ஓடுவது குரோமியம், அதாவது ஒரு முழு பிரவுசர். 4 ஜிபியில் அதையும் இருபது டேபையும் சேர்த்துத் திறந்தால் மெமரி நிரம்பி எல்லாமே உறைந்துபோகும். அங்கே ஜீனி என்ற இலகுவான எடிட்டர் போதும். 8 ஜிபியில் விஎஸ் கோடு தாராளமாக ஓடும், தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு (கணினிக்குள் ஓடும் போலி போன்) ஓட்ட 16 ஜிபி வேண்டும். இல்லையென்றால் எமுலேட்டரை மறந்துவிட்டு போனையே இணையுங்கள்: செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கினால் ஆப் நேராக போனில் ஓடும்.

பைத்தான் எழுதுபவர்கள் இன்னொன்றைச் சந்திப்பார்கள். மின்ட் 22-இல் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) கொண்டு நேரடியாக எதையும் நிறுவ முயன்றால் மறுத்துவிடும். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளும் அதே பைத்தானை நம்பியிருப்பதால் போட்ட பூட்டு அது. உடைக்கும் வழியை இணையத்தில் தேடாமல், ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் இடம்) உருவாக்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வைத்தால் பேக்கப்புக்கு ஆகும்.