தீர்மானத்தை அன்றாட வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"தினமும் படிப்பேன்" என்று எழுதாமல், "இரவு பல் துலக்கியதும் இரண்டு பக்கம் படிப்பேன்" என்று எழுதி வையுங்கள். தவறாமல் செய்யும் ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது தானாக நினைவுக்கு வரும். இப்போதா, அப்புறமா என்று மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஆனால் அவசரம் வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின; ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலரும் சொல்லும் கணக்கை நம்பிப் பாதியில் கைவிடுவதுதான் வருத்தம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை, மறுநாள் தொடரலாம்.

புகைப்பதை விடுவது போல எதையாவது நிறுத்தும் தீர்மானங்களுக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது. அந்த ஆய்வு புதிதாகத் தொடங்கும் செயல்களைப் பற்றியது.