ஃபிரை பெந்தோஸுக்குப் போகிறவர்களுக்கு, காசிமேட்டிலிருந்து

பெட்டியில் கருவாடு இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து வையுங்கள். என் மனைவி நெத்திலிக் கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டி, அதன் மேல் ஒரு துண்டையும் சுற்றி வைத்திருந்தாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். துண்டு திரும்பி வந்தது, பொட்டலம் வரவில்லை. ஃபிரை பெந்தோஸ் இருக்கும் தென் அமெரிக்க நாடான உருகுவேக்கு மாடுதான் சோறு போடுகிறது. மனிதர்கள் சுமார் 35 லட்சம் பேர், மாடுகள் ஒரு கோடிக்கும் மேல். 2001இல் கோமாரி நோய் பரவி இறைச்சி ஏற்றுமதி அடிவாங்கியதை அவர்கள் மறக்கவில்லை. 2006 முதல் ஒவ்வொரு கன்றுக்கும் காதில் எண் போட்டுக் கணக்கு வைப்பது கட்டாயம். அப்படிப்பட்ட ஊருக்குள் இறைச்சி, மீன், பால், நெய் எதையும் கொண்டுபோகப் பார்க்காதீர்கள். வேறு எந்தத் தின்பண்டம் வைத்திருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் பதினான்கு வருடம் அம்மோனியா கம்ப்ரஸர் ஓட்டினேன். அதன் பிறகு குளிர்பதனக் கப்பல்களில் ஃபிட்டர் வேலை. கூட வேலை பார்த்த உருகுவேக்காரர் ஒருவர், "உன் தொழிலுக்குக் கோயில் எங்கள் ஊரில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஓய்வு பெற்றதும் சேர்த்து வைத்த பணத்தில் மனைவியுடன் 2019 ஏப்ரலில் போனேன். அந்தக் கோயில் ஒரு பழைய இறைச்சி ஆலை, அது இருக்கும் ஊர்தான் ஃபிரை பெந்தோஸ். உருகுவே ஆற்றின் கிழக்குக் கரையில் சுமார் 25,000 பேர் வாழும் ஊர். எதிர்க்கரையில் அர்ஜென்டினா.

போகும் வழி நீளமானது. விசா வேண்டும்; உருகுவேயின் தூதரகம் டெல்லியில் இருக்கிறது. விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் விசா வேலையைத் தொடங்குங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நாங்கள் வளைகுடா வழியாக பிரேசிலின் சாவோ பாவ்லோ போய், அங்கிருந்து மான்டிவிடியோ போனோம். பிரேசிலைத் தொட்டுத் திரும்புகிறவர்களிடம் இந்தியாவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்கலாம். நம் பக்கத்து ஆட்களுக்கு இது எளிது: ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுகிறார்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

மான்டிவிடியோவில் திரெஸ் குருசெஸ் என்ற பஸ் நிலையத்திலிருந்து ஃபிரை பெந்தோஸுக்கு பஸ் இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நான்கு ஐந்து மணி நேரம். பகல் பஸ்ஸில் ஏறுங்கள், ஜன்னல் சீட் கேளுங்கள். அலை அலையாகப் புல்வெளி, நடுவில் வரிசை பிசகாத யூகலிப்டஸ் தோப்புகள், சிவந்த உடலும் வெள்ளை முகமுமாக ஹெர்ஃபோர்டு மாடுகள். நம் ஊரில் சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் மாடுகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒரு கம்பி வேலிக்குள் முந்நூறு மாடு தலை நிமிராமல் மேய்வதைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை.

நம் கோடை அவர்களுக்குக் குளிர்காலத்தின் தொடக்கம். மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர் நல்லது. ஜனவரியில் ஆற்றங்கரையில் கொசு பிடுங்கும். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் போவதாக இருந்தால் அறையையும் பஸ்ஸையும் வெகு முன்பே பதிவு செய்யுங்கள். மதத்தையும் அரசையும் நூறு வருடங்களுக்கு முன்பே பிரித்துவிட்ட நாடு அது. நாம் புனித வாரம் என்பதை அவர்களுடைய நாட்காட்டி 'சுற்றுலா வாரம்' என்கிறது. நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ராயபுரம் பேதுரு கோயிலில் பெரிய வெள்ளிக்கு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் என் மனைவியால் இதை இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஊரில் இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உண்மையாகவே சொல்கிறேன். பகலில் கடைகள் மூடி மூன்று, நான்கு மணி வரைக்கும் தெரு உறங்கும். அந்த நேரத்தில் சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான். ஞாயிறன்று ஊரே வீட்டுக்குள் இருக்கும். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு இந்த ஊர் எதையும் காட்டாது. மூன்று இரவாவது தங்குங்கள். கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ நுழையும்போது "புவேனாஸ்" என்று சொல்லிவிட்டு நுழையுங்கள். சொல்லாமல் நுழைவது செருப்போடு நடுவீட்டுக்கு வருவது போல. ஆங்கிலம் அதிகம் செல்லாது. தொலைபேசியில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆலை. நான் இவ்வளவு தூரம் எழுத வந்ததே அதற்காகத்தான்.

ஊர் மையத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தே போய்விடலாம். 1860களில் தோலுக்காக மட்டும் மாட்டை வெட்டி, இறைச்சியில் பெரும்பகுதி வீணாகிக்கொண்டிருந்த நிலம் இது. ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், இறைச்சியைக் காய்ச்சி இறுக்கிச் சாறாக்கும் முறையை வகுத்திருந்தார். சுமார் 30 கிலோ இறைச்சிக்கு ஒரு கிலோ சாறு. கீபெர்ட் என்ற ஜெர்மன் பொறியாளர் இங்கே வந்து அதை ஆலையாக்கினார். 1865இல் லீபிக் நிறுவனம் அமைந்தது. பிறகு உப்பிட்ட மாட்டிறைச்சி டின்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தின்றது இந்த ஊர்ப் பெயர் பொறித்த டின்களைத்தான். 1917இல் ஒரு பீரங்கி வண்டிக்கே 'ஃபிரை பெந்தோஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1924இல் ஆலை வெஸ்டி என்ற பிரிட்டிஷ் வணிகக் குடும்பத்தின் கைக்குப் போய் 'ஆங்லோ' ஆயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். உருகுவேயில் முதல் மின்விளக்கு எரிந்ததும் தலைநகரில் அல்ல, 1883இல் இங்கே. மாட்டின் கத்தலைத் தவிர எதையும் வீணாக்கியதில்லை என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லும் வாக்கியம். நம் மொழியில் மாடு "அம்மா" என்று கத்துகிறது என்று நான் சொன்னதும் வழிகாட்டிப் பெண் சற்று நேரம் அமைதியாகிவிட்டார்.

1979இல் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் வட சென்னையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடித்து மனை போடவில்லை. எந்திரங்களைக் காயலான் கடைக்கு எடை போடவில்லை. 2005இல் தொழிற்புரட்சி அருங்காட்சியகம் திறந்தார்கள். 2015இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. என் அப்பா முப்பது வருடம் நூல் ஓட்டிய ஆலை மூடியபோது, எங்கள் தெருவில் அதன் சங்குச் சத்தம் நின்றதைத் தவிர ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை. அவர் நின்ற தறியைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட எனக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது.

ஆகவே ஆலையைப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். திறந்திருக்கும் நேரத்தையும் வழிகாட்டியோடு போகும் சுற்று எப்போது என்பதையும் முந்தைய நாளே கேட்டு உறுதி செய்யுங்கள். மூடிய காலணி போடுங்கள்; தரை சிமென்ட், படிகள் இரும்பு. எல்லோரும் அலுவலக அறையில் நின்று மேசைகளையும் தட்டச்சுப் பொறிகளையும் பார்த்துவிட்டு நகர்வார்கள். நீங்கள் எந்திர அறையில் நின்று பாருங்கள்.

அங்கே இறைச்சியைக் குளிரூட்டிய அம்மோனியா கம்ப்ரஸர்களைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் சுழல்சக்கரம். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. வால்வுக் கைச்சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. வலது கைக்காரர் ஒருவர் வருடக்கணக்கில் திறந்து மூடிய இடம் அது. என் பழைய ஃபேக்டரியிலும் சக்கரம் அதே பக்கம்தான் தேய்ந்திருந்தது. வழிகாட்டிப் பெண்ணிடம் சைகையில் விளக்க முயன்று, கடைசியில் "அம்மோனியா" என்றேன். "அமோனியாகோ!" என்றார். மொழிபெயர்ப்புக் கருவி தேவைப்படாத ஒரே சொல் அதுதான். உடனே யாருக்கோ போன் போட்டார்.

ஆலையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பிலிருந்து எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே குடுவை. அந்த எந்திரங்களோடு வேலை பார்த்தவர். வாயுக் கசிவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கையால் கேட்டேன். அவர் கழுத்தில் இல்லாத ஒரு துணியை எடுத்து, இல்லாத தண்ணீரில் நனைத்து, மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு குனிந்து ஓடிக் காட்டினார். காசிமேட்டில் நாங்கள் செய்ததும் அதேதான். ஈரத் துணியில் அம்மோனியா கரைந்துவிடும்; மேலே எழும் வாயு, ஆகவே குனிந்து ஓட வேண்டும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, அவருக்கும் அப்படியே இருந்திருக்கும்.

மாத்தே பற்றிச் சொல்லிவிடுகிறேன். கசப்பான இலைத்தூள், சூடான தண்ணீர், உலோகக் குழல். ஒரே குழலில் எல்லோரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். கூச்சப்படுவதாக இருந்தால் முதலிலேயே கையைக் கூப்பி மறுத்துவிடுங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. வாங்கினால் முழுதும் உறிஞ்சி முடித்துக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். குழலைக் கிளறக் கூடாது. முக்கியமாக, ஒவ்வொரு முறையும் "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லாதீர்கள். அது "எனக்குப் போதும்" என்று பொருள்படும், அடுத்த சுற்று உங்களைத் தாண்டிப் போய்விடும்.

சாப்பாட்டில் வட சென்னை ஆட்களுக்குக் கஷ்டமே இல்லை. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மாட்டிறைச்சி தின்று வளர்ந்தவர்களுக்கு அது மாமியார் வீட்டு விருந்து. விறகுத் தணலில் உப்பை மட்டும் தூவி மணிக்கணக்கில் வாட்டும் 'அசாதோ'வைச் சாப்பிடுங்கள். கூடவே 'சின்சுலின்' கேளுங்கள். நம் போட்டிதான், முறுகலாகச் சுட்டது. ரத்தத்தில் செய்த 'மோர்சீஷா'வில் உலர்ந்த திராட்சை போட்டு இனிப்பாக ஒரு வகை உண்டு. என் மனைவி ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை, எனக்குப் பிடித்தது. காரம் எங்கும் கிடையாது. மழை வந்தால் வீடுகளில் 'தோர்தா ஃபிரிதா' என்று வட்டமாக மாவைப் பொரிப்பார்கள், நாம் மழைக்கு பஜ்ஜி போடுவது போல. மரக்கறிக்காரர்கள் கவனிக்க: அதையும் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். 'துல்சே தெ லெச்சே'யை ருசித்தால் நம் திரட்டுப்பாலின் பெரியப்பா மகள் என்பீர்கள்.

பண்ணைக்குப் போவதாக இருந்தால் தங்குமிடத்தில் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள், வேலியைத் தாண்டி நீங்களாக நுழையாதீர்கள். கேட்டைத் திறந்தால் கடந்ததும் மூடிவிடுங்கள். ஒரு கேட் திறந்து கிடந்தால் இரண்டு மந்தை கலந்து ஒரு நாள் வேலை கெட்டுவிடும். சாலையில் மந்தை வந்தால் வண்டியை நிறுத்திப் பேசாமல் இருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். வியாசர்பாடிப் பிள்ளைகள் ஒரு பந்தைக் கையோடு எடுத்துப் போகலாம். கால்பந்து வீரர் லூகாஸ் தொரேய்ரா பிறந்த ஊர் இது, மாலையில் தெருவில் உங்களுக்கும் ஓரிடம் கிடைக்கும். சதுக்கத்தில் லீபிக் நிறுவனம் கொடுத்த இரும்பு இசைமேடை, சொலாரி என்ற ஓவியரின் அருங்காட்சியகம், எட்டு கிலோமீட்டர் தெற்கே லாஸ் கானியாஸ் மணற்கரை. நேரம் இருந்தால் இவற்றையும் பாருங்கள்.

மாலை ஆறு மணிக்கு மட்டும் எங்கே இருந்தாலும் ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள். நம் கடலில் சூரியன் உதிக்கத்தான் பார்த்திருக்கிறோம், தண்ணீரில் அஸ்தமித்து நாம் பார்த்ததில்லை. அங்கே அர்ஜென்டினாக் கரைக்குப் பின்னால் இறங்கும்போது ஆறு முழுக்கச் செம்புத் தகடாகும். தொலைவில் காகிதக் கூழ் ஆலையின் புகை தெரியும். அந்த ஆலையால் ஆறு கெடும் என்று எதிர்க்கரை மக்கள் 2006 முதல் 2010 வரை இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தையே மறித்தார்கள். வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போயிற்று. எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலைப் பார்த்தவர்கள் கரையில் உட்கார்ந்து அந்தக் கதையை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் சொல்வார்கள்.

கையில் கொண்டுபோக ஒரு பொருள் சொல்கிறேன்: புது ஈரிழைத் துண்டு இரண்டு. கருவாட்டைச் சுற்றி வந்த துண்டை நாங்களே வைத்துக்கொண்டோம். புதிதாக இருந்த ஒன்றைக் கிளம்பும் காலையில் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், உள்ளே போனார், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஈரம் சொட்டச் சொட்ட அதை மூக்கில் பொத்திக்கொண்டு, குனிந்தபடி வாசலுக்கு ஓடி வந்தார்.