சிலையின் முதுகையும் பாருங்கள்: தஞ்சை, எழும்பூர், சோழமண்டலம்

நான் சீர்காழிக்காரி, பள்ளியில் ஓவிய ஆசிரியை. லீவு விட்டால் போதும், "டீச்சர், தஞ்சாவூர் போறோம், பெரிய கோயிலை விட்டா வேற என்ன பார்க்கலாம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போங்கள் என்பேன். போய்வந்த பலர் "நல்லா இருந்துச்சு, ஒரே சிலையா இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மனசு ஆறாது. உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் ஏங்கக்கூடிய செப்புத் திருமேனிகள் நம் ஊரில் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நிற்கின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கலைக்கூடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? கோயிலில் இல்லாத சிலையா என்று சிலர் கேட்பார்கள். கோயிலில் உற்சவரை நாம் முழுதாகப் பார்ப்பதே இல்லை. பட்டு, மாலை, நகை எல்லாம் சாத்திய பிறகு நமக்குத் தெரிவது முகமும் கைகளும்தான். அபிஷேகத்தின்போது கொஞ்ச நேரம் பார்க்கலாம், அதுவும் தூரத்திலிருந்து, முன்பக்கம் மட்டும். பக்திக்கு அது போதும். ஆனால் சிற்பி இடுப்பில் கொடுத்த வளைவு, முழங்காலில் விட்ட தளர்வு, முதுகில் செய்த வேலை எல்லாம் அந்தப் பட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. கலைக்கூடத்தில்தான் அந்த உடம்பு முழுதாகக் கண்ணுக்குக் கிடைக்கிறது.

தஞ்சைக் கலைக்கூடம் 1951-இல் தொடங்கியது. இருப்பது அரண்மனை வளாகத்தில். பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். வளாகத்துக்குள் பல பகுதிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். "கலைக்கூடத்துக்கு" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வார நாளில் காலையில் போவது நல்லது. பெரிய கோயிலை முதலில் வைத்துக்கொண்டால், வெயிலில் கல் தரையில் நடந்து களைத்துப்போய் இங்கே வருவீர்கள், கண் நிற்காது. கலைக்கூடம் காலையில், பெரிய கோயில் சாயங்காலம். கோயிலும் சாயங்கால வெளிச்சத்தில்தான் பொன்னிறமாக இருக்கும்.

கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம். சிலையின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளுகிறது, எந்தக் காலில் எடை இறங்குகிறது என்று மூன்றே கோடு போட்டுப் பாருங்கள். அந்த மூன்று கோடு போடுவதற்குள் உங்கள் கண் அந்தச் சிலையை ஐந்தாறு முறை மேலிருந்து கீழே போய் வந்திருக்கும். போனில் படம் எடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், கண்ணுக்கு வேலை இல்லை.

அடுத்து, எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். இது நான் அழுத்திச் சொல்வது. உள்ளே நுழைந்ததும் ஒரு சுற்று வேகமாக வாருங்கள். எங்கே கால் தானாக நிற்கிறதோ அதை மனதில் குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அந்த நாலைந்தின் முன்னால் மட்டும் நில்லுங்கள். எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் முதல் சிலை ரிஷபவாகன தேவர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். வைக்கும் இடம் அவ்வப்போது மாறலாம், அங்கே இருக்கும் ஊழியரிடம் "திருவெண்காட்டு ரிஷபவாகனர் எங்கேங்க?" என்று கேட்டால் காட்டுவார்கள்.

திருவெண்காடு எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளில் இது ஒன்று. செய்தது 1011-ஆம் ஆண்டு, ராஜராஜன் காலம். பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரோடு சேர்ந்த தேவி சிலை அடுத்த வருஷம், 1012. இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகளால் தெரியவந்தவை. செப்புத் திருமேனிகளில் இப்படி ஆண்டோடு உறுதியாகச் சொல்லக்கூடியவை ரொம்பக் குறைவு.

சிவன் காளை மேல் கையை ஊன்றி, ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு நிற்கிறார். காளை இப்போது இல்லை. கை மட்டும் வெற்றிடத்தில் மடங்கி நிற்கிறது. முதலில் அந்தக் கையைப் பாருங்கள். அங்கே ஒரு காளை நிற்கிறது, அதன் மேல் எடையைப் போட்டிருக்கிறார் என்பதை தோளும் இடுப்பும் அப்படியே சொல்லும். எதன் மீதும் படாத கையில் அந்த ஓய்வைக் கொண்டுவந்திருக்கிறான் சிற்பி. அப்புறம் தலைக்கு வாருங்கள். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறது, ஊடே பாம்புகள். மகுடம் கிடையாது. தோட்டத்தில் மாடு மேய்த்துவிட்டு வந்து நிற்கும் இளைஞனின் நிற்பு அது. வணங்கவும் தோன்றும், பேசவும் தோன்றும்.

இப்போது பின்பக்கம் போங்கள். பின்பக்கம் போக வழி இல்லாமல் சுவரோடு வைத்திருந்தால், எவ்வளவு பக்கவாட்டில் போக முடியுமோ அவ்வளவு போங்கள். கண்ணாடிப் பெட்டியாக இருந்தால் உங்கள் நிழலே கண்ணாடியில் விழும்படி நின்று பாருங்கள், பிரதிபலிப்பு குறையும். சோழர் செப்புத் திருமேனியில் பின்தலையில் சிரசக்கரம் என்ற சக்கர வடிவ அணி இருக்கும். அதன் கீழே முடிச் சுருள்கள் தோளில் வரிசையாக விழும். கழுத்தணியின் முடிச்சிலிருந்து ஒரு சரம் முதுகுத்தண்டின் பள்ளத்தில் இறங்கும். தேவி சிலைகளில் அந்த முதுகு மட்டுமே தனி அழகு. கோயிலில் பட்டுக்குள் போய்விடும் என்று தெரிந்தேதான் இத்தனையும் செய்திருக்கிறார்கள். பீடத்தில் துளைகளோ வளையங்களோ தெரியும். வீதி உலாவில் தண்டு கோத்துத் தூக்குவதற்காக அவை. அதைப் பார்த்தால்தான் இது ஊர் சுற்றி வந்த திருமேனி என்பது உறைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் கண்ட திருமேனிகளில் மூக்கு, உதடு, நகை எல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். மண்ணுக்குள் கிடந்தவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், ஆனால் நகை வேலை கூர்மையாக நிற்கும். எது எந்த வகை என்று நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இதை விளையாட்டாகச் செய்யச் சொல்லலாம்.

அதே திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியைத் தவற விடாதீர்கள். சிவன் பார்வதியின் கையைப் பிடிக்கிறார், திருமாலும் லட்சுமியும் பெண் வீட்டார். பார்வதியின் தலை லேசாகக் குனிந்திருக்கும். லட்சுமி பின்னாலிருந்து "போம்மா" என்று தள்ளுகிற மாதிரி நிற்கிறாள். இதற்கு விளக்கமே வேண்டாம், நம் கல்யாண வீட்டில் பார்க்காததா.

செம்பு போதும் என்று தோன்றும்போது கல்லுக்கு வாருங்கள். தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தி இங்கேதான். யானையைக் கொன்று தோலை உரித்து விரித்தபடி ஆடுகிறார், உடம்பு அப்படியொரு திருகல். ஓரத்தில் பார்வதி குழந்தையோடு பதறி ஒதுங்குகிறாள். இவ்வளவு பெரிய சம்ஹாரத்தில் ஒரு தாயின் பதற்றத்துக்கு இடம் ஒதுக்கிய அந்தக் கையை என்னவென்று சொல்வது! பிட்சாடனரும் (பிச்சை எடுக்கும் கோலத்துச் சிவன்) அவரைப் பார்த்து மயங்கும் ரிஷி பத்தினிகளும் தாராசுரத்திலிருந்து வந்தவர்களே. நாயக்கர் தர்பார் மண்டபத்தில் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலை ஒன்று உண்டு, ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. ஒரு பார்வை போதும் அதற்கு. பக்கத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், ஏட்டுச்சுவடி பிடித்தவர்களுக்கு.

மறுநாள் ஒன்று கையில் இருந்தால் கும்பகோணம் போய், தாராசுரம் கோயிலையும் சுவாமிமலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலைக்கூடத்தில் தனியாக நிற்கும் கல்லுக்கு எந்த மாதிரிச் சுவரும் வெளிச்சமும் இருந்திருக்கும் என்பது தாராசுரத்தில் புரியும். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகளில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கேட்டுக்கொண்டால் பார்க்க விடுவார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துத் தாளக் கணக்குக்கு, அதாவது சிலையின் உறுப்பு விகிதக் கணக்குக்கு, அளவு குறிப்பதையும், தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்த மெழுகில் உருவம் பிடிப்பதையும் பார்க்கலாம். அதன் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல், மாவு மாதிரி அரைத்தது. நகையின் நுணுக்கத்தை எல்லாம் பிடித்துக்கொள்வது அந்த முதல் பூச்சுதான். காய்ந்த பிறகு சூடு காட்டி மெழுகை வடித்து, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஒரு அச்சில் ஒரு சிலைதான், இரண்டாவது கிடையாது. இதைப் பார்த்துவிட்டு மறுபடி கலைக்கூடம் போனால் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

சென்னைக்காரர்கள், அல்லது சென்னை வழியாகப் போகிறவர்கள், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம், வளாகம் பெரியது, விலங்கு, நாணயம், ஆயுதம் என்று கால் வலிக்க வைக்கும். நேரே செம்புக்குப் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சிவன் பக்கம் இரண்டு கை, தேவி பக்கம் ஒரே கை. சிவன் பக்கம் தொடை வரை ஆடை, தேவி பக்கம் கணுக்கால் வரை. உங்கள் நோட்டை நடுவில் நிமிர்த்திப் பிடித்து ஒரு பாதியை மறைத்துப் பாருங்கள், பிறகு மறு பாதியை. இரண்டு தனி உடம்புகள் தெரியும். நோட்டை எடுத்துவிட்டால் ஒன்றாகிவிடும், எங்கே சேர்கிறது என்று கோடு கண்டுபிடிக்க முடியாது. திருவாலங்காட்டு நடராஜரும் அங்கேதான். சுற்றி நிற்கும் தீ வளையமான திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை, அதனாலேயே உடம்பின் சுழற்சி அப்பட்டமாகத் தெரிகிறது. ஃபிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தை மட்டும் பார்த்து வியந்து எழுதியது இந்த நடராஜரைப் பற்றித்தான். நமக்கு நேரிலேயே கிடைக்கிறது.

சரி, பழையது மட்டும்தானா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. திருவான்மியூரிலிருந்து பஸ். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966-இல் தொடங்கியது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். பத்திக் துணி (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் படம் வரைந்தார்கள். ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு "இதில் சோறு கிடைக்குமா" என்று வீட்டில் கேட்டால், அந்த வீட்டையே இங்கே கூட்டிவாருங்கள் என்பேன்.

பணிக்கரையும் அவர் வழி வந்தவர்களையும் சேர்த்துச் சொல்லும் பெயர் சென்னைக் கலை இயக்கம். 2009 முதல் இங்கே அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் உண்டு. நவீன ஓவியம் புரியாது என்று பயந்து நிற்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் எழுத்து மாதிரி ஏதோ நிறைந்திருக்கும், ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். வாசிக்க முயலாதீர்கள், அது எந்த வாசகமும் இல்லை. தூரத்தில் நின்று, எங்கே நெருக்கம், எங்கே வெளி, எந்த நிறம் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் இந்தக் கிராமத்து ஓவியர் கே. ராமானுஜத்தின் பேனாக் கோடுகள். கனவு மாளிகைகள், பறக்கும் உருவங்கள், நடுவில் தொப்பி வைத்த ஒரு மனிதர். அது அவரேதான். 1973-இல் மிக இளம் வயதில் போய்விட்டார். இவருக்கு மட்டும் அவசரமே கூடாது, கிட்டப் போய் ஒரு மூலையிலிருந்து கோடு கோடாக நகருங்கள்.

சிற்பி பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டு உருவங்கள் முன்னால் மட்டும் என் "முதுகைப் பாருங்கள்" செல்லாது. தகட்டை அடித்து, ஒட்டி, முன்பக்கத்துக்கென்றே செய்தவை அவை. நேரே நிற்க வேண்டும். நின்றால் மூலவருக்குச் சாத்தும் கவசம் ஞாபகம் வரும். தஞ்சையில் பட்டைக் கழற்றிய உடம்பைப் பார்த்தோம், இங்கே உடம்பில்லாத கவசத்தைப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே கோயிலிலிருந்து கிளம்பி வந்த கலைதான். அதனால்தான் இரண்டு இடத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறேன். முடிந்தால் தஞ்சையை முதலிலும் சோழமண்டலத்தை அடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதை சித்தன்னவாசலோடு சேர்த்துப் பாருங்கள். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளத்தைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியே நிற்க வேண்டியிருக்கும். முதலில் ஒரு நிமிடம் கண்ணை மூடி இருட்டுக்குப் பழக்குங்கள், பிறகு நிறம் மெல்ல எழும்பி வரும். மலையேறி ஏழடிப்பட்டம் என்ற குகையின் சமணப் படுக்கைகளையும் பார்க்க நினைத்தால் வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிட்டு ஓவியத்துக்கு இறங்குங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும். சோழமண்டலம் போகிறவர்கள் அதே சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற பழைய வீடுகள், கைவினைகளின் அருங்காட்சியகத்தையும் சேர்ப்பதானால் செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று அங்கே விடுமுறை.