கொதிநீரில் விழும் பெரட்

சீருடை இயக்கத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெரட் என்னும் விளிம்பில்லாத கம்பளித் தொப்பியை ஒரே மாதிரிதான் கெடுக்கிறார்கள். கோலாலம்பூரில் ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் கவாட் எனப்படும் அணிநடைப் பயிற்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஒருவன் தலையில் தோசைமாவு பொங்கி வழிவதுபோல் ஒன்று இருக்கும். பக்கத்தில் நிற்பவள் தலையில் சட்டியைக் கவிழ்த்ததுபோல் ஒன்று. இன்னொருவனுக்கு உச்சந்தலைக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மூன்றும் கடையில் ஒரே அடுக்கில் இருந்தவைதாம்.

சின்னத்தைக் கோணலாகக் குத்துவது, பெயர் எழுதாமல் தொலைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை அணித்தலைவரே அன்றைக்கே திருத்திவிடுவார். பொருளையே தின்றுவிடும் தவறுகளும், வரலாறு தெரியாததால் வரும் தவறுகளும்தான் இங்கே.

கொதிக்கும் தண்ணீர்

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. எரிச்சல் வருவதற்குக் காரணம் இருக்கிறது: இது சோம்பலில் வருவதில்லை, அக்கறையில் வருகிறது. கவாட் போட்டிக்கு முதல் நாள் இரவு, பிள்ளையின் பெரட் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று அம்மா கவலைப்படுகிறார். ‘சுடுதண்ணியில போட்டா படிஞ்சிரும்’ என்று யாரோ சொல்கிறார்கள். கெண்டியில் கொதித்த நீரை அப்படியே ஊற்றி, சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, வெயில் இல்லாததால் துணி உலர்த்தும் இயந்திரத்தில் சுழலவிடுகிறார்கள். காலையில் கையில் வருவது பொம்மைக்குப் பொருந்தும் தொப்பி.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் யாரும் மறுபடி செய்யமாட்டார்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிக்கொள்ளும். இறுகியது பிரியாது. பெரட் பிறப்பதே இந்த வித்தையால்தான். பிரான்சின் தென்மேற்கில், பிரெனே மலையடிவாரத்தில், பேஆர்ன், பாஸ்க் நாட்டு ஆட்டிடையர்கள் அணிந்த தொப்பி இது. அங்கே ஒலோரோன் செந்த் மாரி ஊரில் லோலேர் நிறுவனம் 1840 முதல் இதைச் செய்து வருகிறது. முதலில் கம்பளி நூலைத் தொளதொளவென்று பெரிதாகப் பின்னுவார்கள். பிறகு சூடான சோப்பு நீரில் மணிக்கணக்கில் இடித்துச் சுருக்குவார்கள். மழை நீர் சட்டென்று இறங்காத அடர்த்தி வந்ததும் சாயம் ஏற்றி, அச்சில் மாட்டி வடிவம் கொடுத்து, மேற்பரப்பைச் சீவி மழிப்பார்கள்.

அதாவது, நீங்கள் வாங்குவது ஏற்கெனவே தேவையான அளவுக்குச் சுருக்கி நிறுத்தப்பட்ட துணி. கொதிநீரும் கசக்கலும் சேர்ந்து, தொழிலாளி நிறுத்திய வேலையை மறுபடி தொடங்கி வைக்கின்றன. அத்தோடு உள்விளிம்பில் உள்ள தோல் பட்டை சூட்டில் விறைத்து வெடிக்கும். சின்னத்தின் பின்னால் உள்ள தடித்த அட்டை நெளியும். சாயம் கசிந்து வெள்ளைச் சட்டையின் காலரில் இறங்கும். சுருங்கிய பெரட்டை முழுதாக மீட்க வழியில்லை. வெதுவெதுப்பான நீரில் தலைமுடிக் கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, கிண்ணத்தின் மேல் இழுத்து மாட்டினால் சற்றே தளரும். கெட்டியாகிப்போன பகுதி அப்படியேதான் இருக்கும்.

சரியான முறைக்கு ஒரு மாலைப்பொழுது போதும், ஆனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் உலர்ந்த பெரட்டை மேசையில் விரித்து, புதிய சவர பிளேடால் ஒரே திசையில், அழுத்தாமல், மேலுள்ள பஞ்சுமுடியை மழித்து எடுங்கள். பின்புற நாடாவைத் தலைக்கேற்ப இழுத்துத் தளர்வான முடிச்சுப் போடுங்கள். பேசினில் வெதுவெதுப்பான நீர் எடுங்கள். கையை உள்ளே வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடிய வேண்டும், ஏறக்குறைய 40 டிகிரி. தோல் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு துணிப்பகுதியை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்துங்கள். தேய்க்க வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்குங்கள், பிறகு உலர்ந்த துவாலையில் சுருட்டி மிதமாக அழுத்துங்கள். சொட்டுவது நின்றால் போதும்.

இனி தலையில் மாட்டலாம். தோல் பட்டை தலையைச் சுற்றி ஒரே மட்டத்தில், புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில், சுமார் 2.5 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். சின்னம் குத்தும் அட்டை இடது கண்ணுக்கு நேர் மேலே. மிச்சத் துணி முழுவதையும் வலப்பக்கமாகவும் சற்றுப் பின்னாலும் இழுத்து, வலது காதின் மேல்விளிம்பைத் தொடும்படி உள்ளங்கையால் நீவுங்கள். அட்டை மட்டும் செங்குத்தாக நிற்க வேண்டும், மற்ற பகுதி மண்டையோடு ஒட்டிப் படிய வேண்டும். காற்றாடிக்குக் கீழே முக்கால் மணி நேரம் அப்படியே இருங்கள். இடையிடையே நீவிவிடுங்கள். பிறகு மடிப்புக் கலையாமல் கழற்றி, தலையளவுள்ள சில்வர் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டிவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓரிரவு போதாது, மறுநாள் மதியம் வரை ஆகும். இதே வேலையை இன்னும் இரண்டு முறை செய்தால் வடிவம் நிலைக்கும். வெயில், தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி மூன்றும் வேண்டாம்.

இத்தனையும் செய்தும் படியவில்லையா? உள்ளே உள்ள சீட்டைப் பாருங்கள். அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் என்றிருந்தால் அது எந்த நீருக்கும் படியாது. கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் சீருடைக் கடைகளில் வாங்கும்போது சில ரிங்கிட் மிச்சம் பிடிக்க இதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். கம்பளியைக் கையில் பிழிந்து விட்டால் மெதுவாக விரியும். செயற்கை இழை துள்ளிக்கொண்டு நிமிரும்.

எந்தப் பக்கம்

மலேசியாவில் பிரிட்டிஷ் வழக்கம்: துணி வலப்பக்கம், சின்னம் இடது கண்ணுக்கு மேல். பிரெஞ்சு இராணுவத்தில் இது நேர்மாறு: துணி இடப்பக்கம், சின்னம் வலப்பக்கம். அதிலும் ஒரு விலக்கு உண்டு. பிரெஞ்சுக் கடற்படையின் கமாண்டோக்கள் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் பயிற்சி பெற்றவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் இன்றும் பச்சை பெரட்டைப் பிரிட்டிஷ் பாணியில்தான் அணிகிறார்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே யாரிடம் பயின்றோம் என்பதற்குச் சான்று. அதனால்தான் நடுவர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள்.

பிள்ளைகள் பக்கம் மாறிப் பழகுவதற்குப் பெரிய காரணம் கைப்பேசி. முன்பக்கக் கேமரா இடவலம் மாற்றிக் காட்டும். அதில் பார்த்துச் சரிசெய்தால் திடலில் தப்பாக நிற்கும். கண்ணை நம்ப வேண்டாம், வலது காதைக் கையால் தொட்டுப் பாருங்கள். துணி அங்கே இருக்க வேண்டும்.

அளவெடுக்கும் நாள்

இது நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். தைப்பூசத்தில் பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ முடி காணிக்கை கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த வாரமே பெரட்டுக்கு அளவெடுத்தால், முடி வளர்ந்த பிறகு நெற்றியில் பட்டையின் தடம் பதியும், தலைவலியும் வரும். முடியோடு அளவெடுத்துவிட்டு மொட்டை போட்டால், ‘செனாங் டிரி’ என்று தளர்ந்து நிற்கும் கட்டளைக்கே கண்ணில் இறங்கிவிடும். நாடா இருப்பது இதற்குத்தான். அளவை ஒன்று கூட்டி வாங்கி, நாடாவை இறுக்கிக்கொள்ளுங்கள். முடிச்சின் மிச்சத்தை வெட்டாமல் பட்டைக்குள் செருகிவையுங்கள். வெட்டிவிட்டால் முடி வளரும்போது தளர்த்த நூல் இருக்காது.

அளவு நாடா புருவத்துக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி வர வேண்டும். சென்டிமீட்டரில் வரும் எண்ணே பெரட்டின் அளவு. கொண்டை போடும் மாணவியர் அதைப் பிடரிக்குத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு அளவெடுக்க வேண்டும். உச்சிக்கொண்டைமேல் எந்த பெரட்டும் படியாது.

தலைக்குத் தேங்காயெண்ணெய்: கவாட் நாளில் வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து வாங்குவது

பச்சை அழகாக இருக்கிறது, மெரூன் எடுப்பாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். இங்கே நிறம் என்பது உழைத்துப் பெற்ற பட்டயம். மலேசியாவில் பச்சை இராணுவத்தின் சிறப்புப் படையான கெராக் காஸ் வீரர்களுடையது, மெரூன் பத்தாம் பாராசூட் படையணியுடையது, ஊதா கடற்படையின் சிறப்புப் படையான பாஸ்கலுடையது, மணல் நிறம் காவல்துறையின் கமாண்டோ படையான வாட் 69உடையது. வெளிர்நீலம் ஐ.நா. அமைதிப்படைக்கு. படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைவீரரின் உடையை அணிவது குற்றவியல் சட்டத் தொகுப்பின் 140ஆம் பிரிவின்படி குற்றம். மாறுவேடப் போட்டிக்கு வாங்குவோரும் சின்னத்தை விட்டுவிட்டு வெறும் தொப்பியாக வாங்குவது நல்லது.

நிறங்கள் எவ்வளவு ஆழமாக ஊன்றியவை என்பதற்குக் கறுப்பு நல்ல சான்று. 1918இல் பிரிட்டிஷ் டாங்கிப் படையினர், பிரெஞ்சு மலைப்படையினரின் அகன்ற பெரட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். டாங்கிக்குள் விளிம்புள்ள தொப்பி இடிக்கும், வெளிர்நிறம் எண்ணெய்க் கறையைக் காட்டும். விளிம்பில்லாத கறுப்பு பெரட் இரண்டுக்கும் விடை. 1924இல் அது அதிகாரபூர்வமானது. 1942இல் எகிப்தின் எல் அலமைன் போரில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி அதே கறுப்பு பெரட்டில் டாங்கிப் படைச் சின்னத்தையும் தளபதிச் சின்னத்தையும் சேர்த்துக் குத்திக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேட்ஜ் குத்திவரும் மாணவர்கள் உண்டு. ஒரு பெரட், ஒரு சின்னம், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் பாடம் உண்டு. பச்சை பெரட்டைச் சிறப்புப் படைக்கு உரியதாக 1961இல் அதிபர் கென்னடி ஏற்றுக்கொண்டார். கறுப்பு ரேஞ்சர் படைக்கு உரியதாக இருந்தது. தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி 2001 ஜூன் 14 முதல் முழு இராணுவத்துக்கும் கறுப்பைக் கொடுத்தபோது ரேஞ்சர்கள் கொதித்தார்கள், கடைசியில் மணல் நிறத்துக்கு மாறினார்கள். சீனாவில் தைத்த பெரட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியும் வந்தது.

வெயிலுக்கு

பெரட் நிழல் தராது. அமெரிக்க இராணுவமும் 2011இல் களச்சீருடைக்கு மறுபடி முன்விளிம்புள்ள தொப்பிக்கே திரும்பியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் திடலில் நிற்பதானால் பிள்ளைகளை நிழலில் நிறுத்துங்கள்.

நேதாஜி நாடகத்தில் பெரட்

பள்ளி மேடைகளில் இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்கு பெரட் மாட்டிவிடுகிறார்கள். தவறு. 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜான்சிராணிப் படையில் சேர்ந்த நம் பாட்டிமார் அணிந்தது இருபுறமும் மடித்த நீள்வடிவத் துணித்தொப்பி. நேதாஜி அணிந்ததும் அதுவே. பழைய புகைப்படங்கள் எல்லார் வீட்டிலும் இல்லாவிட்டாலும் இணையத்தில் கிடைக்கின்றன. அவர்கள் நினைவுக்கு நாம் காட்டும் மரியாதையில் அந்தத் தொப்பியும் அடக்கம்.

சே, சிறுத்தைகள், ஓவியர்

பனியன்களில் நாம் காணும் சே குவேராவின் முகம், 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த படம். துறைமுகத்தில் வெடித்த கப்பலில் இறந்தோருக்கான அஞ்சலிக் கூட்டம் அது. அதில் அவர் பெரட்டில் உள்ள நட்சத்திரம் கமாண்டன்டே என்னும் படைப் பதவியின் அடையாளம், அலங்காரம் என்று நினைத்து வேறு பெரட்டில் ஒட்டுவது பொருளற்றது. 1966இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தோன்றிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர், நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகளைப் பற்றிய ஒரு திரைப்படத்தால் தூண்டப்பட்டுக் கறுப்பு பெரட்டைத் தேர்ந்தார்கள். டாங்கிப் படையின் கறுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஓவியர் வேடத்துக்கு பெரட்டை வலப்பக்கம் இறுக்கிப் படியவைத்தால் சிப்பாய்போல் தெரியும். தோல் பட்டை இல்லாத மென்மையானதை எடுத்து, பின்பக்கம் தளர விடுங்கள்.

பெரட்டின் உச்சி நடுவிலுள்ள சிறு வால்

வெட்டாதீர்கள்.

பூஞ்சையும் அந்துப்பூச்சியும்

ஈரத்தோடு நெகிழிப்பையில் போட்டால் ஒரே வாரத்தில் வெண்பூஞ்சை பூக்கும். பயிற்சி முடிந்ததும் தோல் பட்டையை நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், காற்றாடியில் ஆறவிடுங்கள். பிறகு படிந்த வடிவத்திலேயே தட்டையாக அட்டைப்பெட்டியில், துணியில் முடிந்த இரண்டு அந்துருண்டைகளோடு வையுங்கள். உருண்டை பெரட்டைத் தொட வேண்டாம். நீண்ட விடுமுறையில் மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, மென்மையான பிரஷால் இடமிருந்து வலமாக ஒரே திசையில் சீவி, உள்மடிப்பில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.