துபாய் ரெசிடென்ஸ் விசா புதுப்பித்தல்: விசா தேதியை விடுங்கள், மற்ற தேதிகளைப் பாருங்கள்

விசா முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் கடைசியில் ஓடுகிறார்கள். ஏனென்றால் துபாயில் விசா புதுப்பிப்பது ஒரே வேலை இல்லை, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும், குடும்ப விசா என்றால் வீட்டு ஒப்பந்தமும் நடப்பில் இருக்க வேண்டும், ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இதில் ஒன்று தட்டினாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதனால் விசா முடிய மூன்று, நான்கு மாதம் இருக்கும்போதே ஒரு நாள் இரவு உட்கார்ந்து, வீட்டில் உள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதிகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும், அதற்கே சில வாரம் போய்விடும். புது பாஸ்போர்ட் வந்ததும் அந்த எண்ணை விசா கோப்பில் மாற்றச் சொல்லுங்கள், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வேலை விசா கம்பெனியின் பொறுப்பு. மந்தூப் அல்லது பிஆர்ஓ, அதாவது கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைக் கவனிப்பவர், பார்த்துக்கொள்வார், நீங்கள் கையெழுத்துப் போட்டு மெடிக்கல் போய் வந்தால் போதும். தனியார் கம்பெனி விசா என்றால் பெரும்பாலும் இரண்டு வருடம். முதலில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அதில் சம்பளம், பதவி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், "சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று நீட்டுகிற தாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னொன்று, வேலை விசா செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்ய வழி இருக்கிறது.

வேலை இழப்பு இன்சூரன்ஸ் என்று 2023இல் ஒன்று வந்ததே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமுக்குள் இருந்தால் மாதம் 5 திர்ஹம், மேலே இருந்தால் 10. சின்னத் தொகைதான், ஆனால் சேராமல் இருந்தால் 400 திர்ஹம் அபராதம், அதைக் கட்டாமல் விட்டால் புது வேலை பர்மிட் கிடைக்காது. டிராஃபிக் அபராதமும் அப்படித்தான். துபாயில் 2025இல் அதையும் விசா புதுப்பிப்போடு இணைக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் வண்டி வைத்திருப்பவர்கள் பாக்கியை முதலிலேயே தீர்த்துவிடுங்கள்.

சரி, குடும்ப விசாவுக்கு வருவோம். தலைவலி இங்கேதான், ஏனென்றால் இதைக் கம்பெனி பார்க்காது, மனைவி பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் நீங்கள்தான். அவர்களுடைய விசா உங்கள் விசாவைத் தாண்டி ஓடாது, ஆகவே உங்களுடையது புதுப்பித்து முடித்த பிறகுதான் அவர்களுடையதைத் தொட முடியும். உங்களுடையதைக் கம்பெனி இழுத்தடித்தால் அவர்களுடையதும் இழுபடும், அதனால் மந்தூப்பை வாரம் ஒருமுறை நச்சரிப்பதில் வெட்கமே படாதீர்கள். சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். சம்பளச் சான்று அல்லது வேலை ஒப்பந்தம், இஜாரி (துபாய் அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு) ஆன வீட்டு ஒப்பந்தம், அட்டெஸ்ட் செய்த (அரசு சான்றொப்பம் பெற்ற) திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பழைய எமிரேட்ஸ் ஐடி (அந்நாட்டு அடையாள அட்டை), வெள்ளைப் பின்னணியில் போட்டோ, எல்லோருக்கும் இன்சூரன்ஸ், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு ஆமர் சென்டருக்கோ (விசா விண்ணப்பங்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்) விண்ணப்பத்தை நிரப்பித் தரும் நம்பிக்கையான டைப்பிங் சென்டருக்கோ போகலாம். குடியேற்றத் துறையின் செயலியிலேயே யுஏஇ பாஸ் (அரசின் டிஜிட்டல் அடையாள உள்நுழைவு) வைத்து நீங்களே விண்ணப்பிக்கவும் முடியும். முதல் தடவை செய்பவர்களுக்கு ஆமர் சென்டர்தான் நிம்மதி என்பது என் கட்சி, கொஞ்சம் கூடக் காசு போனாலும் தாள் குறைந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

இஜாரி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர் பெயரில் ஃபிளாட் எடுத்து ஒரு அறையில் குடும்பத்தோடு இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். வாடகை ஒப்பந்தமும் விசாவும் ஒரே மாதத்தில் முடிகிற மாதிரி அமைந்திருந்தால், வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசி ஒப்பந்தத்தைப் புதுப்பித்து இஜாரி பதிவையும் முடித்துவிடுங்கள்.

அப்புறம், பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு என்றே எழுதி வைத்த தொல்லை இது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு இருக்கும், திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் 2022 நவம்பரில் ஒரு கட்டுப்பாடு வந்து விமான நிலையங்களில் பலர் திண்டாடியது நினைவிருக்கும். ரெசிடென்ஸ் விசாவுக்கு அந்த விதி இல்லை என்றாலும், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே சர்நேமைப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பெயரை மாற்றினால் விசாக் கோப்பு, வங்கி, சொந்தச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் அது பொருந்த வேண்டும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும்போது திரையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மொபைல் எண் நான்கையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். அரபியில் பெயர் எப்படி வந்திருக்கிறது என்பதைப் பழைய ஐடியோடு ஒப்பிடச் சொல்லுங்கள், அரபி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மொபைல் எண் தவறினால் குறுஞ்செய்தி வேறு யாருக்கோ போய்விடும், கார்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். கோப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். துபாய் விசா என்றால் 201 என்று தொடங்கும், அபுதாபிக்கு 101, ஷார்ஜாவுக்கு 301. இணையத்தில் நிலவரம் பார்க்க இந்த எண்தான் உதவும்.

மெடிக்கல் 18 வயது ஆனவர்களுக்கு. ரத்தம் எடுப்பார்கள், மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள். எக்ஸ்ரே அறைக்குள் கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பதால், தாலிச் சங்கிலியைக் கழற்றப் பிடிக்காத பெண்கள் அன்றைக்கு மட்டும் தங்கம் கோக்காத வெறும் மஞ்சள் கயிற்றோடு வருவதைப் பார்க்கலாம், அது நல்ல யோசனைதான். பொத்தான், ஜிப் இல்லாத தளர்வான மேல்சட்டை போட்டுக்கொண்டு போனால் கவுன் மாற்றுகிற வேலையும் குறையும். கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாமோ என்று சந்தேகம் இருந்தால்கூட, டோக்கன் வாங்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரே அறை வரை போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நுரையீரலில் பழைய டிபி (காசநோய்) தழும்பு இருப்பவர்கள் சிகிச்சை எடுத்த மருத்துவக் காகிதங்களைக் கையோடு வைத்திருங்கள், கூடுதல் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் பதறாமல் போய் வாருங்கள்.

எமிரேட்ஸ் ஐடிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போகும். விசா எத்தனை வருடமோ அத்தனை நூறு திர்ஹம் கட்டணம், அதற்கு மேல் சேவைக் கட்டணங்கள். புதுப்பிப்பவர்களுக்குக் கைரேகை ஏற்கெனவே பதிவில் இருப்பதால் பெரும்பாலும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். பிள்ளை 15 வயதைத் தாண்டியிருந்தால் மட்டும் போக வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதை 2022இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் பக்கத்தைப் புரட்டித் தேடாதீர்கள். இப்போது ஐடி கார்டுதான் விசா. கார்டு கைக்கு வரும்வரை ஐசிபி (ஐடி வழங்கும் மத்திய ஆணையம்) செயலியில் வரும் டிஜிட்டல் ஐடியை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். அவசரம் என்றால் மந்தூப்பிடமோ ஆமர் சென்டரிலோ கேட்டு, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். நாட்டுக்கு வெளியே தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும், பிரசவத்துக்கு ஊருக்குப் போகிற மனைவியரின் விசா இப்படித்தான் போகிறது.

தேதி தாண்டிவிட்டால்? விசா வகையைப் பொறுத்துச் சலுகை நாட்கள் உண்டு. அதுவும் முடிந்தால் ஒரு நாளுக்கு 50 திர்ஹம் ஓடும். ஐடிக்குத் தனிக் கணக்கு: முடிந்து 30 நாள் ஆன பிறகு ஒரு நாளுக்கு 20 திர்ஹம், அதிகபட்சம் 1,000. குடும்பத்தில் நாலு பேர் என்றால் நாலு பேருக்கும் தனித்தனியாக என்பதை மறக்காதீர்கள்.

வேலை மாறப் போகிறவர்கள் பழைய கம்பெனி விசாவை ரத்து செய்யும் முன் குடும்ப விசாவை ஹோல்டில் (ரத்தாகாமல் தற்காலிகமாக நிறுத்தி) வைக்க வேண்டும், அதற்கு டெபாசிட் கேட்பார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் பணத்தைத் திரும்ப வாங்க அதுதான் வேண்டும்.

"உங்கள் விசாவில் பிரச்சினை, ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்காத யுஏஇ பாஸ் கோரிக்கை மொபைலில் வந்தாலும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

புது கார்டு வந்த அன்றே வங்கிச் செயலியில் அதைப் பதிவேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய ஐடி முடிந்தது என்று உங்கள் வங்கிக் கார்டை முடக்கிவிடுவார்கள், அது தெரிய வருவது பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட் வரிசையில்தான். சிம்முக்கும் அதே கதை. பிள்ளைகளின் பள்ளிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.